யார் அதிகாரம் கொடுத்தது?

கேள்வி

என் மாமனாருக்கு 90 வயது, மாமியாருக்கு 86. மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நடை தளர்ந்துவிட்டது, காது மந்தம். ஆனாலும் செய்தித்தாள் வரக் கொஞ்சம் தாமதமானால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்ததும் தலையங்கம் வரை விடாமல் படிப்பார்.

சில மாதங்களுக்கு முன் காவல் நிலையத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு, “விசாரிக்கக் கூட்டிட்டுப் போனவனை அடிக்க இவங்களுக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?” என்று கை நடுங்கக் கேட்டார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அதே மாமா, பிறகு ஓர் ஆணவக் கொலைச் செய்தி வந்தபோது, “பெத்தவங்க மனசு பட்ட பாடு யாருக்குத் தெரியும்?” என்றார். சட்டக் கல்லூரியில் படிக்கும் என் மகள் கொதித்துப்போனாள். “கொலையை நியாயப்படுத்துறீங்களா தாத்தா?” என்று கத்தியவள், அதன்பின் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

“இந்த வயசுல அப்பாவை மாத்த முடியாது. மனசு கெட்டா உடம்பும் கெடும்” என்கிறார் என் கணவர். வீட்டுத் தொலைக்காட்சியில் இப்போது செய்திச் சேனலே வைப்பதில்லை. பக்திச் சேனல்தான் ஓடுகிறது. செய்தித்தாளையும் நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார். மாமா முன்பைவிட அதிகம் தூங்குகிறார், பேச்சும் குறைந்துவிட்டது. அத்தை இந்த விஷயங்களில் எப்போதுமே வாய் திறப்பதில்லை.

எனக்கு இரண்டு சந்தேகங்கள். இத்தனை வயதானவர்களிடம் மனித உரிமை போன்ற கனமான விஷயங்களைப் பேசுவது அவசியமா, நல்லதா? அவசியம் என்றால், சண்டையில் முடியாமல் எல்லோருமே யோசித்துப் பேச என்ன வழி?

— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்

அன்புச் சகோதரிக்கு,

முதல் சந்தேகத்துக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அவசியம். நல்லதும்கூட.

மாமாவின் பேச்சு குறைந்ததையும் தூக்கம் கூடியதையும் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று பல காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. அதோடு இன்னொரு காரணத்தையும் யோசித்துப் பாருங்கள். தொண்ணூறு வயது வரை ஊர் உலக நடப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லியே வாழ்ந்த மனிதரிடமிருந்து அந்த ஊரையும் உலகத்தையும் எடுத்துவிட்டால், அவர் விழித்திருந்து என்ன செய்வார்?

உங்கள் கணவரின் அக்கறை உண்மையானது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சேனலை மாற்றும்போது யாராவது மாமாவிடம் கேட்டீர்களா? ஐக்கிய நாடுகள் சபை 1948 டிசம்பர் 10 அன்று ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 30 பிரிவுகள் இருக்கின்றன. அவற்றில் 19-வது பிரிவு, கருத்துச் சொல்லும் உரிமையோடு, செய்திகளைத் தேடவும் பெறவும் உள்ள உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. எந்த வயதோடு அது முடியும் என்று அங்கே எதுவும் எழுதப்படவில்லை.

ஆகவே மனித உரிமை பற்றிய பேச்சை உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே தொடங்குங்கள். அவர் ஓய்வூதியம் எவ்வளவு, எதற்குச் செலவாகிறது என்று அவருக்குச் சொல்கிறீர்களா? மருத்துவர் அவரைத் தாண்டி மகனிடம் மட்டும் பேசும்போது, “அவர்கிட்டயே கேளுங்க டாக்டர்” என்று யாராவது சொல்கிறீர்களா? எந்தச் சட்டை, எப்போது குளியல், யார் வீட்டு விசேஷத்துக்குப் போவது என்பதையெல்லாம் அவரையும் அத்தையையும் கேட்டு முடிவு செய்கிறீர்களா? தன் வீட்டிலேயே தன்னை யாரும் கேட்பதில்லை என்று உணர்கிறவரிடம், முன்பின் தெரியாத ஒருவரின் உரிமைக்காக யோசியுங்கள் என்று கேட்பது நியாயமாகாது. முதலில் உங்கள் கணவரே மாமாவிடம் போய், “உங்களைக் கேட்காம மாத்திட்டேம்பா, என்ன பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்க” என்று சொல்லட்டும். இதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

எப்போது, எப்படி உட்காருவது?

உங்கள் மாமாவால் நன்றாக யோசிக்க முடியும். காதும் கண்ணும் உடல் சோர்வும்தான் குறுக்கே நிற்கின்றன. அவற்றுக்கு ஏற்ப இடத்தையும் நேரத்தையும் அமைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதுமையில் வரும் காது மந்தத்தில் உச்சஸ்தாயி ஒலிகள்தான் முதலில் மங்கும். சத்தம் கேட்கும், சொல் பிரியாது. கத்தினால் இன்னும் குழம்பும். பார்ப்பவருக்கும் சண்டை போடுவதுபோல இருக்கும். எதிரே உட்கார்ந்து, உங்கள் முகத்தில் வெளிச்சம் விழும்படி, தாழ்ந்த சுருதியில் நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். மின்விசிறியின் இரைச்சலும் டிவியும் அப்போது வேண்டாம். காது கருவி அலமாரியில் கிடந்தால் எடுத்துப் பேட்டரியை மாற்றிக் கொடுங்கள்.

காலைச் சிற்றுண்டிக்குப் பிறகான நேரம் நல்லது. மாலையில் பல முதியவர்களுக்குக் களைப்பும் குழப்பமும் கூடும். அரை மணி நேரம் போதும். ஒரு நாளைக்கு ஒரே செய்தி. அதை யாராவது உரக்கப் படித்துக்காட்டட்டும். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் தொலைக்காட்சி விவாதங்களைப் பின்தொடர்வது காது மந்தமானவருக்கு மிகவும் சிரமம். கோபம் மட்டுமே மிஞ்சும். அச்சில் வந்த ஒரு செய்தியை வைத்துப் பேசுவது இதைவிட எவ்வளவோ மேல்.

கேள்வி கேட்டபின் காத்திருங்கள். வயதாக ஆக, மனம் செய்தியை வாங்கிப் பதிலைத் தொகுக்கும் வேகம் குறையும். சொல் நாக்கு நுனியில் நிற்கும். நாம் பொறுமையிழந்து அவருக்காக வாக்கியத்தை முடித்துவிடுகிறோம். அவர் சொல்ல வந்தது அதுவாக இருக்காது. மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அனுபவத்தால் வந்த நிதானமும் சொல்வளமும் அவ்வளவு எளிதில் தேய்வதில்லை. அவை வெளியே வர அவகாசம்தான் வேண்டும்.

அவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து

இன்றைய சர்ச்சையை எடுத்த எடுப்பில் நடுவில் வைக்காதீர்கள். மாமா 1935-ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். மனித உரிமைப் பிரகடனம் வந்தபோது ஏறக்குறைய 13 வயது. 1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, அதன் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தபோது பள்ளி மாணவர். வாக்களிக்கும் வயது அன்று 21 என்பதால், அவரது முதல் வாக்கு 1957 தேர்தலில் பதிவாகியிருக்கும். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975-ல் ஏறக்குறைய 40 வயது, அரசு விதிகளுக்குக் கட்டுப்பட்ட ஆசிரியர். நாம் பாடப்புத்தகத்தில் படித்த உரிமைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததையும், சில காலம் பறிபோனதையும் நேரில் கண்டவர் அவர்.

பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்தின் நினைவுகள்தான் முதுமையில் மிகத் தெளிவாக நிற்கின்றன என்பது நினைவாற்றல் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது. உங்கள் மாமாவுக்கு அது 1945 முதல் 1965 வரையிலான, திருவாரூரும் அடங்கிய தஞ்சைச் சீமை. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த மண் அது. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டிய மண். பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது என்று 1952-ல் தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது மாமா கிட்டத்தட்ட உங்கள் மகளின் வயதில் இருந்திருப்பார்.

இதையெல்லாம் கேளுங்கள். கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். “உங்க காலத்துல எவ்வளவு கொடுமை, நீங்க என்ன செஞ்சீங்க?” என்று தொடங்கினால் அவர் கூண்டில் நிற்பதுபோல உணர்வார். பார்த்ததைக் கேளுங்கள். “நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துல யாரு எங்க உக்காருவாங்க மாமா? டீக்கடையில யாருக்கு எந்த டம்ளர்? பண்ணையாள் வீட்டுப் பிள்ளை முதன்முதலா எப்ப உங்க வகுப்புக்கு வந்தது? 1956-ல காமராசர் மதிய உணவு கொண்டுவந்தப்ப எல்லாப் பிள்ளைகளும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்களா? அப்ப யாராவது தகராறு பண்ணினாங்களா? நீங்க என்ன நினைச்சீங்க?” கடைசிக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். கண்ணால் கண்டதைச் சொல்லிக்கொண்டே வருபவர், தான் அன்று நினைத்ததற்கும் இன்று நினைப்பதற்கும் உள்ள தூரத்தைத் தானே பார்ப்பார்.

ஒரு தலைமையாசிரியர் எத்தனையோ பிள்ளைகளை வகுப்பறைக்குள் அனுமதித்திருப்பார். அவர்களில் சிலர் அந்த வீட்டின் முதல் தலைமுறைப் படிப்பாளிகளாக இருந்திருப்பார்கள். அந்தக் கதைகளில் அவர் செய்த நல்லதும் இருக்கும், செய்யத் தவறியதும் இருக்கும். இரண்டுமே வெளியே வரட்டும். எதற்கும் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அவர் கேள்வியையே அளவுகோலாக்குங்கள்

இப்போது ஆணவக் கொலைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வாக்கியம் ஒன்று உண்டு: “யாரு அதிகாரம் கொடுத்தது?” மனித உரிமைச் சிந்தனையின் அடிப்படையே அந்தக் கேள்விதான். ஓர் உடலைத் துன்புறுத்தவும் ஓர் உயிரை எடுக்கவும் இன்னொருவருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட மனிதருக்கு நீங்கள் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. காவல் நிலைய வாசலில் கேட்ட அதே கேள்வியை வீட்டு வாசலிலும் கேட்க அவருக்குத் துணை நின்றால் போதும்.

ஏன் அங்கே கேட்க முடிந்தது, இங்கே முடியவில்லை? காவல் நிலையத்தில் அவர் தன்னை அடிபட்டவனின் இடத்தில் வைத்துப் பார்த்தார். இந்தச் செய்தியில் பெற்றவரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறார். அவரும் பிள்ளை பெற்றவர், ஊருக்குள் மரியாதையோடு வாழ்ந்தவர், ஊர்வாய்க்கு அஞ்சி வளர்ந்தவர். அந்த இடத்திலிருந்து பார்த்தால் செத்துப்போன பிள்ளைகளின் முகம் தெரிவதில்லை.

ஆகவே அவர் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம். “பெத்தவங்களுக்கு வருத்தம் இருந்திருக்கும் மாமா, அதை நான் மறுக்கல.” இதைச் சொன்னபின் காத்திருங்கள். பிறகு, “அன்னைக்குக் காவல் நிலையத்து விஷயத்துல நீங்க ஒண்ணு கேட்டீங்க. அதே கேள்வியை இங்க கேட்டா என்ன பதில் வரும்?” என்று கேளுங்கள். கேள்வி அவருடையது. அதற்குப் பதில் தேடவேண்டிய பொறுப்பையும் அவரிடமே விடுங்கள்.

பிறகு சட்டத்தைப் படித்துக்காட்டலாம். மனித உரிமைப் பிரகடனத்தின் 16-வது பிரிவு, மணமக்கள் இருவரின் முழுச் சம்மதத்தோடுதான் திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. நம் அரசியலமைப்பின் 21-வது பிரிவு உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ள முடிவெடுத்தால் குடும்பமோ சாதியோ ஊரோ சம்மதம் தர வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொன்னது. ஆசிரியராக இருந்தவருக்கு ஆதாரத்தோடு பேசுவது பிடிக்கும். பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். அவர் மறுத்துப் பேசினால் பேசட்டும். மறுப்பதும் யோசிப்பதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். “வயசானவர், ஏதோ சொல்றார், விடு” என்று கடந்துபோவது மரியாதைபோலத் தெரியும். உண்மையில் அது அவரைப் பேச்சிலிருந்து தள்ளிவைப்பது. அவர் சொல்வதைப் பொருட்படுத்துகிறோம் என்றால், தவறு என்று தோன்றும்போது, “இதுல நான் உங்ககூட ஒத்துப்போகல மாமா” என்று சொல்லவும் வேண்டும். அமைதியாக, ஒருமுறை, காரணத்தோடு சொல்லுங்கள். அன்றைக்கே அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாரம் கழித்து, வேறு ஏதோ பேசும்போது, அவரே அந்த இடத்துக்குத் திரும்பி வரலாம்.

உங்கள் மகளிடம்

அவள் கோபம் நியாயமானது. அதை நீங்களும் அவளிடம் சொல்லுங்கள். ஆனால் பேசாமல் இருந்து யாரையும் யோசிக்க வைக்க முடியாது. சட்டம் படிக்கிறவள் எதிர்த்தரப்பு வாதத்தை முழுமையாகக் கேட்கப் பழக வேண்டியவளும்கூட. தாத்தாவின் நினைவுகளைக் கைபேசியில் பதிவு செய்து எழுத்தாக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். அவர் சம்மதம் கேட்டுப் பதிவு செய்யட்டும். எழுதியதைப் படித்துக்காட்டி, அவர் வேண்டாம் என்ற பகுதியை நீக்கட்டும். 1952-ஆம் ஆண்டுச் சட்டம் வயலுக்கு எப்படி வந்து சேர்ந்தது, யார் அதை மதித்தார்கள், யார் ஏய்த்தார்கள் என்பதை எந்தச் சட்டப்புத்தகமும் அவர் அளவுக்குச் சொல்லாது. அவள் அவரிடம் கற்கிறாள் என்று தெரிந்தால், அவளிடமிருந்து கற்பதில் அவருக்கும் கூச்சம் இருக்காது.

அவள் தன் பக்கத்திலிருந்தும் ஒன்றைக் கொண்டுவரலாம். கைது நடவடிக்கையில் காவல்துறை என்னென்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் டி.கே. பாசு வழக்கில் வகுத்த விதிகளை அவள் தாத்தாவுக்கு விளக்கட்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் நிர்வாகி 1986-ல் தலைமை நீதிபதிக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்துதான் அந்த வழக்கே தொடங்கியது. கேள்வி கேட்டவருக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் மாமா மகிழ்வார்.

அத்தையின் மௌனம்

உங்கள் கடிதத்தில் அத்தைக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். அவரிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கணவர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருக்கப் பழகிய தலைமுறை அது. அவரைத் தனியாகக் கேளுங்கள். கீரை ஆயும்போதோ, தலை வாரிவிடும்போதோ பேச்சு தானாக வரும்.

அவருக்குத் திருமணம் நடந்த காலத்தில் பெண்ணுக்குச் சட்டப்படி மணவயது 15. அது 18 ஆனது 1978-ல்தான். எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள், மாப்பிள்ளையைப் பற்றி அவரிடம் யாராவது கேட்டார்களா என்று கேளுங்கள். பிறந்த வீட்டு நிலத்தில் பங்கு கிடைத்ததா என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை தரும் சட்டத் திருத்தம் 1989-ல் வந்தது. அதற்கு முன்பே மணமாகிவிட்ட பெண்களுக்கு அது பொருந்தவில்லை. “எனக்கு அதெல்லாம் எதுக்கு?” என்று அவர் சொல்லலாம். கொஞ்சம் பொறுத்தால் அடுத்த வாக்கியம் வரும்.

சம்மதம் கேட்கப்படாமலே மணம் செய்துவைக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு பெண், சம்மதத்தோடு மணந்ததற்காகக் கொல்லப்படுபவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை உங்கள் வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் விரும்பினால், அவரே விரும்பினால் மட்டும், மாமாவும் மகளும் இருக்கும்போது அதைச் சொல்லட்டும். மாமாவை யோசிக்க வைக்கும் குரல் அந்த வீட்டிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எப்போது நிறுத்த வேண்டும்?

சில நினைவுகள் ஆறாத புண்ணாக இருக்கும். உங்கள் பகுதிக்காரர்களுக்கு அவற்றில் முதன்மையானது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். அந்தக் காலத்துத் தஞ்சைக்காரர் ஒவ்வொருவருக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஏதோ இருக்கும். பயம், குற்ற உணர்வு, துக்கம் எதுவாகவும் இருக்கலாம். நீங்களாக அதைத் தோண்டாதீர்கள். அவராக எடுத்தால் முழுதாகக் கேளுங்கள்.

பேசும்போது மூச்சு வாங்கினாலோ, சொன்னதையே பதற்றத்தோடு திரும்பத் திரும்பச் சொன்னாலோ, அன்றிரவு தூக்கம் கெட்டாலோ சில நாள் விட்டுவிடுங்கள். “இன்னைக்கு வேணாம்மா” என்றால் வேண்டாம்தான். பேசாமல் இருக்கும் உரிமையும் அவருடையது. பேச்சைத் துக்கத்திலேயே முடிக்காமல், அந்த அநியாயத்தை எதிர்த்தவர்கள் யார், பிறகு என்ன மாறியது என்பதையும் கேட்டு முடியுங்கள்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு இந்த அணுகுமுறை மாறும். தேதியையோ தகவலையோ திருத்தி வாதாட வேண்டாம். அவர்கள் உணர்வோடு சேர்ந்துகொள்ளுங்கள், போதும். இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றாகவோ சோடியம் குறைந்ததாகவோ இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பேச்சோடு நிற்க வேண்டாம்

யோசித்ததை வைத்து ஏதாவது செய்ய முடிந்தால்தான் யோசனைக்குத் தெம்பு வரும். செய்ய வழியில்லாமல் கொடுமைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த வயதிலும் மனம் ஓய்ந்துபோகும். அன்று மாமா சாப்பிடாமல் இருந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

அவரால் எழுத முடியும், சொல்லி எழுதவைக்கவும் முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்கு 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும். உங்கள் ஊர் மாணவர் விடுதியின் நிலை, ஆதிதிராவிடர் குடியிருப்பின் குடிநீர் என்று எதைப் பற்றியும் அவர் கேட்கலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே புகார் எழுதலாம். கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நாற்காலி போட்டு உட்கார வைத்தால், பழைய தலைமையாசிரியர் கேட்கும் ஒரு கேள்விக்கு ஊரே காது கொடுக்கும்.

தேர்தலில் 85 வயது கடந்தவர்கள் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாட்களுக்குள் 12டி படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரிகள் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் வீட்டில் இருவருக்குமே இந்த வசதி உண்டு. இருவரும் தனித்தனியாக, யாரும் எட்டிப் பார்க்காமல் வாக்களிக்க விடுங்கள். அத்தையின் வாக்கு அத்தையுடையது.

அவர்களுக்கான சட்டங்களையும் அவர்களுக்கே சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டுப் பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யவும் அதன் 23-வது பிரிவில் வழி இருக்கிறது. முதியோருக்கான உதவி எண் 14567. உங்கள் வீட்டில் இதற்கெல்லாம் தேவை வராது என்று நம்புகிறேன். ஆனால் அவரைப் பார்க்க வரும் நண்பர்களில் யாருக்காவது தேவைப்படும். அவர் எடுத்துச் சொல்லட்டும்.

இந்த வயதில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கணவர் கேட்டால், நம் மண்ணிலிருந்தே சொல்லுங்கள். டெல்டாக் கடற்கரையை அழித்த இறால் பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன், 1996 டிசம்பரில் அந்த வழக்கில் தீர்ப்பு வந்தபோது எண்பதைக் கடந்தவர். நிலமற்ற பெண்களுக்கு நிலம் வாங்கித்தரும் இயக்கத்தை நடத்திவந்த அவர் மனைவி கிருஷ்ணம்மாள், 2008-ல் கணவரோடு சேர்ந்து ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றபோது 82 வயதுக்காரர். தாமிரபரணி மணல் கொள்ளைக்கு எதிராக 2010-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போன கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணுவும் அப்போது எண்பதைக் கடந்தவர். இவர்கள் பொதுவாழ்விலேயே ஊறியவர்கள், உங்கள் மாமா அப்படியல்ல என்று சொல்லலாம். அவர் செய்ய வேண்டியது அதைவிடச் சிறியது. ஆனால் உங்கள் குடும்பத்துக்கு அதைவிட முக்கியமானது.

நம் ஊரில் ஒரு வீட்டின் மூத்தவர் சொல்லுக்கு இன்னும் எடை இருக்கிறது. நாளை உங்கள் மகளோ, சொந்தத்தில் ஒரு பிள்ளையோ தான் விரும்பியவரை மணக்க நினைக்கலாம். அப்போது பங்காளிகள் கூடுவார்கள், ஊர் பேசும், மானம் போச்சு என்பார்கள். அந்தக் கூட்டத்தில் சட்டப் பிரிவுகளை எடுத்துச்சொல்லும் இருபது வயதுப் பெண்ணின் குரல் எளிதில் அமுக்கப்படும். தொண்ணூறு வயதுக்காரர், “அவங்க வாழ்க்கை, அவங்க முடிவு பண்ணட்டும். தடுக்க நமக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?” என்று கேட்டால், பதில் சொல்ல அங்கே யாருக்கும் துணிவு வராது. ஓர் உயிரைக் காப்பாற்றும் வலிமை அந்த ஒரு வார்த்தைக்கு உண்டு. அதைச் சொல்லக்கூடியவராக அவர் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு அவசியம் என்கிறேன்.

அவர் மாறுவாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. யோசிப்பார் என்று சொல்ல முடியும், ஏனென்றால் அவர் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருப்பவர். முதல் நாள் பேச்சு பாதியில் நின்றாலும் மனம் தளராதீர்கள். அடுத்த நாள் வேறொரு செய்தியோடு உட்காருங்கள். செய்தித்தாளை நிறுத்த வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் கேட்டுக்கொண்டதாகவும் சொல்லுங்கள்.